உப்பில் கிடந்த அரிசி

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். போனில் ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். போன வாரம் நீங்கள் "அப்புறம்?" என்றீர்கள். நானும் "அப்புறம்?" என்றேன். வைத்துவிட்டோம். எழுதினால் விஷயத்தையாவது சொல்லி முடிக்கலாம்.

நம் பட்டறை உப்பை இங்கே இறக்குமதி செய்யும் உரிமம் உங்கள் மகன் பெயரில் இருந்தது. அவர் இறந்ததைப் பதிவு செய்ய உணவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே, "உரிமம் வச்சிருக்கிறவர் இறந்துட்டா அவர் பேர்ல இருந்த நிபந்தனையெல்லாம் அன்னைக்கே முடிஞ்சுடும். யாரும் வந்து மூட வேண்டாம். தொடர்ந்து நடத்துறவங்க புதுசா திறந்தா போதும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜூலை கடைசி வரைக்கும் தற்காலிகமாக என் பெயரில் கொடுத்திருக்கிறார்கள். தொடர்வதா மூடுவதா என்று அதற்குள் சொல்ல வேண்டும். எனக்குப் பல் மருத்துவமனையில் வேலை இருக்கிறது. உப்பு அவருடையது. என்ன செய்வேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அதனால் லேபிள் மாற வேண்டும். இறக்குமதி செய்பவர் என்ற இடத்தில் இனி என் பெயர், இந்த வீட்டு முகவரி. வறுத்த உப்புப் பாக்கெட்டில் "வயிற்றுக்கு நல்லது" என்று போட்டிருக்கிறோம் இல்லையா? அதை எடுத்துவிட வேண்டும். உணவுப் பொருள் எதுவும் நோய்க்கு நல்லது என்று இங்கே எழுதக் கூடாது. மிளகு உப்பில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். உப்பு, பிறகு மிளகு. நாம் மிளகை முதலில் எழுதியிருக்கிறோம். பழைய லேபிளின் மேல் ஒட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புதிதாகவே அச்சடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


கடவுள் துணை

மார்ச் 6

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மாமாவுக்கு ஒரு முறை படித்துக் காட்டினேன்.

நீ சொன்னபடியே அச்சகத்தில் கொடுத்து வாங்கிவிட்டோம். "என்னம்மா, வயித்துக்கு நல்லதுன்னு இருந்ததை எடுக்கச் சொல்றீங்க, இப்ப வயித்துக்குக் கெட்டதா ஆயிடுச்சா?" என்று அச்சகக்காரர் கேட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உன் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். பழைய லேபிள் ஒரு கட்டு மீந்திருக்கிறது. மறுபக்கம் வெள்ளையாக இருப்பதால் பால், காய்கறிக் கணக்கு எழுத வைத்துக்கொண்டேன். திருப்பினால் அவன் பெயர் இருக்கிறது. நான் திருப்புவதில்லை.

சரக்கு முழுவதும் நேற்றோடு கட்டி முடித்தோம். இங்கே ஒரு வாரமாக ஈரம், துணி காயவில்லை, உப்பும் பிசுபிசுத்தது. எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். பட்டறையில் உப்புச் சலிக்கிறவள் தினமும் வந்தாள். அவள் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நல்ல செய்தி என்று ஒன்று இருக்கட்டுமே என்று எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விதிப் புத்தகத்தை அகராதியும் கையுமாகப் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு படித்திருந்தால் இந்நேரம் நானே அதிகாரி ஆகியிருப்பேன் என்கிறார் மாமா. அறுபத்திரண்டாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். மீன் பற்றியது. நமக்கு வேண்டாம்தான், ஆனாலும் இடையில் விடக் கூடாது என்று படித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. கப்பல் கிளம்பியதும் சரக்கு எண்ணை எழுதுகிறேன்.

அத்தை


மே 9

அன்புள்ள அத்தைக்கு,

சரக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே விடவில்லை. துறைமுகக் கிடங்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

லேபிளில் குறை இல்லை. எடையிலும் இல்லை. ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு பாக்கெட்டைப் பிரித்து, வெள்ளைத் தட்டில் கொட்டியிருக்கிறார்கள். உப்புக்குள் அரிசி கிடந்தது. ஐந்து அரிசி. வேறு பாக்கெட்டுகளையும் பிரித்தார்கள். எல்லாவற்றிலும் அரிசி. "அறிவிக்கப்படாத அந்நியப் பொருள்" என்று எழுதி, ஒவ்வொரு அரிசியின் பக்கத்திலும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள்.

நேரில் போனேன். அதிகாரி மரியாதையானவர். "இது பூச்சி முட்டையா?" என்று கேட்டார். அரிசி என்றேன். எதற்கு என்றார். ஈரத்தை இழுக்கும், உப்பு கட்டியாகாது, வீட்டில் போடுவோம் என்றேன். "எங்க வீட்லயும் போடுவாங்கம்மா. ஆனா எங்க வீட்டு டப்பாவுல லேபிள் இல்லையே" என்றார்.

மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். சரக்கைத் திருப்பி அனுப்பலாம். அழிக்கலாம். அல்லது அவர்கள் கண் முன்னால் எல்லாவற்றையும் பிரித்து, சலித்து, மறுபடி கட்டலாம்.

யார் போட்டது, ஏன் போட்டது என்று எழுத்தில் கேட்கிறார்கள். எழுதி அனுப்புங்கள். எனக்குக் கோபம் இல்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

மருமகள்


கடவுள் துணை

மே 20

கண்ணு,

போட்டது நான்தான்.

எனக்கு நினைவில்லை. நீ எழுதியதைப் படித்ததும் சலிக்கிறவள் மேல்தான் சந்தேகம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதான் போட்டீங்க அக்கா. மடியில அரிசிக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு, பாக்கெட் பாக்கெட்டா எண்ணி எண்ணிப் போட்டீங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஒண்ணு செஞ்சா காரணமாத்தான் செய்வீங்கன்னு விட்டுட்டேன். அதோட, அப்ப உங்ககிட்ட யாரு பேசறது?" என்றாள்.

சமையலறை உப்பு ஜாடியில் போட்டுப் போட்டுப் பழகிய கை. அந்த ஈர வாரத்தில் தானாகப் போட்டிருக்கிறது. அந்த நாட்களில் நான் என்ன சமைத்தேன், யார் வந்தார்கள் என்று கேட்டாலும் எனக்குத் தெரியாது. கணக்கு நோட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, நான்தான் இல்லை.

இதை அதிகாரிக்கு எப்படி எழுதுவது? "தயாரிப்பாளரின் வீட்டுப் பழக்கத்தால் நேர்ந்த தவறு" என்று ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அது உண்மைதான். மீதியை அவர் கேட்கவில்லை.

சலிக்கிறவளுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. "அரிசியைக் கண்டா அவங்களுக்கு என்னக்கா பயம்? பொங்கிச் சாப்பிட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறாள்.

திருப்பி அனுப்பச் சொல். அல்லது அழித்துவிடட்டும். நீ அங்கே போய் நிற்க வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

அழிக்கவில்லை. சலித்துவிட்டேன்.

மருத்துவமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கிடங்கில் நின்றேன். தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கும் ஒரு பை. என்னோடு கூலிக்கு இரண்டு பெண்கள். கிடங்கில் ஜன்னல் கிடையாது. எதிரே நாற்காலியில் ஓர் அலுவலர், பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பிரி, கொட்டு, சலி, நிரப்பு, ஒட்டு. அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. யாரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

சலித்த அரிசியைத் தனியே சேர்த்தோம். எல்லாம் முடிந்தபோது ஒரு ஆள் சாப்பாட்டுக்குப் பொங்குகிற அளவு இருந்தது. விதிப்படி அதை எரித்தார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

சரக்கு இப்போது கடைகளுக்குப் போய்விட்டது. ஆனால் நம் பட்டறையின் பெயர் கண்காணிப்பில் இருக்கிறது. அடுத்த சரக்கு கிளம்பும் முன்பே ஒரு தாள் வந்து சேர வேண்டும். மாதிரியை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வறுப்பையும் தயாரிப்புப் பொறுப்பாளர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவில் பொறுப்பாளர் நீங்கள். வேறு ஒருவர் பெயரைச் சேர்க்கப் பல மாதங்கள் ஆகும். தாள் வராவிட்டால் நம்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்படி ஆனால் நான் உரிமத்தைத் தொடர மாட்டேன். எடுத்து நடத்த என்னிடம் தெம்பு இல்லை.

ஈரத்துக்கு ஒரு வழி கேட்டு வைத்திருக்கிறேன். வறுத்த சூட்டோடு கட்டினால் பாக்கெட்டுக்குள் வியர்க்குமாம். முழுக்க ஆறவிட்டுக் கட்டினால் அரிசி வேண்டாம், கட்டியாகாமல் இருக்கப் போடுகிற மருந்தும் வேண்டாம்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் இங்கே வந்து தங்கினீர்கள் அல்லவா? எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருப்பீர்கள். ஒரு நாள் தெரியாமல் அதிலிருந்து எடுத்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. இன்னமும் அப்படித்தானா?

மருமகள்


கடவுள் துணை

ஜூன் 15

கண்ணு,

அப்படித்தான்.

நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவனை உள்ளே கொண்டுபோன அன்று, அந்த நீளமான வராந்தாவில் நின்றுகொண்டு ஆண்டவனிடம் சொன்னேன். அவன் எழுந்து வீட்டுக்கு வந்து என் கையால் ஒரு வேளை சாப்பிடுகிற வரைக்கும் உப்பை நாக்கில் வைக்க மாட்டேன் என்று. அவன் வரவில்லை. அதனால் அந்த வேண்டுதல் முடியவில்லை. முடியாததை நான் எப்படி முடிப்பது? மனிதரிடம் கொடுத்த வாக்கு என்றால் போய்க் கேட்கலாம்.

கஷ்டமாக இருக்கிறதோ என்று நினைக்காதே. பழகிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊர் சொல்லும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். சோறும், கஞ்சியும், தண்ணீரும் ஒரே மாதிரி இறங்குகின்றன.

இத்தனை நாளும் பட்டறையில் ருசி பார்த்தது மாமாதான். அவரை உனக்குத் தெரியுமே. வெந்நீரைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்பவர். எங்கள் கல்யாணப் பேச்சின்போது என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னாராம். வேறு வார்த்தை தெரியாது என்று அப்போதே என் அண்ணன் எச்சரித்தான். உன் தாள் வந்ததும் மிளகு உப்பை எடுத்து நீட்டினேன். "நல்லா இருக்கு." வறுத்த உப்பை நீட்டினேன். "நல்லா இருக்கு." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். யோசித்துவிட்டு, "இது கறுப்பா இருக்கு" என்றார்.

"நீ கையெழுத்தைப் போட்டுடேன், உள்ள வந்து யாரு பார்க்கப் போறாங்க" என்று அவர் சொல்கிறார். சலிக்கிறவளும் அதையே சொல்கிறாள். நான் பாலுக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதியதில்லை. நாக்கில் வைக்காமல் வைத்தேன் என்று எழுதிவிட்டு, சாயங்காலம் விளக்கின் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

வாக்கையும் மீற மாட்டேன், பொய்யும் எழுத மாட்டேன். ஆகவே நீ மூடிவிடு கண்ணு. உனக்கும் சுமை குறையும். சலிக்கிறவளுக்கு அவள் மகள் சம்பளம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் என்ன பெரிய செலவு.

ஒன்று மட்டும் தோன்றியது, எழுதிவிடுகிறேன். உப்பு இல்லாவிட்டால் நீ எனக்கு எதைப் பற்றி எழுதுவாய்? அவ்வளவுதான். பதில் வேண்டாம்.

அத்தை


ஜூன் 26

அன்புள்ள அத்தைக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பொய்யாகப் போட்டால் நானும் அதை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கவுண்ட்டர்ப் பெண் சொன்னதை முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். உரிமம் வைத்திருந்தவர் இல்லாதபோது அவர் பெயரில் இருந்த நிபந்தனைகள் அன்றைக்கே முடிந்துவிடும், யாரும் வந்து மூட வேண்டாம் என்று. அன்று வாசலுக்கு வந்த பிறகு அவள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதோ விளக்கை அணைத்த மாதிரி சொன்னாளே என்று. பிறகு அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் மீறவில்லை. யாரும் நிறைவேற்றவும் இல்லை. முடிந்துவிட்டது. அப்படியும் ஒரு முடிவு இருக்கிறது.

இது உணவு அலுவலகத்தின் சட்டம். ஆண்டவனிடம் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. அவரோடு பழக்கம் உங்களுக்குத்தான்.

உப்பு இல்லாவிட்டால் எதைப் பற்றி எழுதுவாய் என்று கேட்டிருந்தீர்கள். உப்பு இல்லாவிட்டாலும் எழுதுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. உங்களிடம் பொய் எழுத முடியாது. நாம் இரண்டு பேரும் அவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகு உப்பு மூலமாகப் பேசுகிறோம். அதுவும் போனால் எனக்குத் தெரியவில்லை.

நேற்று சமைத்ததில் உப்பு போட்டேனா இல்லையா என்று சாப்பிட்டு முடித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது ஒரு வேண்டுதல் இருக்கிறது.

மருமகள்


கடவுள் துணை

ஜூலை 8

கண்ணு,

உன் கடிதத்தை விளக்கின் முன்னால் வைத்துக் கேட்டேன். ஆண்டவன் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதில்லை, அது எனக்குப் பழக்கம். நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அவன் என் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். என் கை, எனக்குத் தெரியாமலே, ஒரு ஆள் சாப்பாட்டுக்கான அரிசியை எடுத்து அனுப்பியிருக்கிறது. அது கடல் தாண்டி, நீ இருக்கிற ஊர் வரைக்கும் வந்துவிட்டது. சாப்பிட ஆள் இல்லை. எரித்துவிட்டார்கள். நீ சாட்சி. நான் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. வராதவனுக்கும் இலை போட்டாயிற்று. இதற்கு மேல் கேட்கிறவர் அல்ல ஆண்டவன். கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்று காலை குளித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். நீ சொன்னபடி வறுத்து, முழுக்க ஆறவிட்ட உப்பு. கட்டியே இல்லை, கையில் மணல் மாதிரி ஓடுகிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். மாமாவும் சலிக்கிறவளும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் மாமா.

ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்புத் துண்டை வைத்த மாதிரி இருந்தது. "பொறுங்க" என்றேன்.

"நல்லா இருக்குன்னு எழுதிடு."

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணா. வாயில வச்சிருக்காங்க இல்ல" என்று சலிக்கிறவள் அவரை அதட்டினாள்.

பிறகு கரித்தது. முதலில் நாக்கின் ஓரம், அப்புறம் முழுவதும். அழுகை வரும் என்று அவள் சேலைத் தலைப்பைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். வரவில்லை. வாயில் தண்ணீர் ஊறியது, விழுங்கினேன். அவ்வளவுதான்.

மிளகு உப்பையும் பார்த்தேன். அதில் மிளகு இருப்பதாகவே தெரியவில்லை. மாமா இத்தனை மாதமாக நல்லா இருக்கு என்றது இதைத்தான். அந்த வறுப்புக்கு "சரியில்லை" என்று எழுதி நிறுத்தி வைத்திருக்கிறேன். புது மிளகு அரைத்துக் கலந்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அதற்குத் தனித் தாள் வரும்.

வறுத்த உப்புக்கான தாள் இதோடு இருக்கிறது. கட்டத்தில் "சரி" என்று எழுதத்தான் இடம் விட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் "கரிக்கிறது" என்றும் எழுதிவிட்டேன். உப்பு கரிக்காமல் என்ன செய்யும் என்று அதிகாரி கேட்டால், எழுதினவள் அப்படித்தான் என்று சொல்லிவிடு.

உனக்கென்று ஒரு பொட்டலம் இந்தக் கடிதத்தோடு வைக்க எடுத்தேன். புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன், தபாலில் உணவுப் பொருள் வரக் கூடாதாம். அதனால் சரக்கு வந்ததும் முதல் பெட்டியில் மேலாக இருக்கும் பாக்கெட்டை நீ எடுத்துக்கொள். லேபிள் எல்லாம் முறைப்படி ஒட்டித்தான் இருக்கிறது. அரிசி இல்லை. சமைக்கும்போது அதிலிருந்து போடு. போட்டதை நினைவு வைத்துக்கொள். உப்பு கூடவோ குறையவோ இருந்தால் எனக்கு எழுது.

அந்த ஒரு பாக்கெட்டை நான் விற்பனையில் எழுதவில்லை. வீட்டுச் செலவில் எழுதியிருக்கிறேன்.

அத்தை